வரிசையில் நிற்கும் எழுத்துகள்

மெசேஜ் லைனில் ‘சிவகாசி லோடு ரெடி’ என்று அடித்து முடித்த கையோடு, என்டரைத் தட்டுவதற்கு முன்னால், தங்கபுஷ்பத்தின் இடதுகை அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கிவிட்டது, அமுக்கியது அவளுக்கே தெரியவில்லை, கண் சிமிட்டுவதை யார் கவனிக்கிறார்கள், திரை மட்டும் அப்படியே நின்றுபோனது. என்டரைத் தட்டினாள். நகரவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினாள், பட்டனுக்குக் காது மந்தம் என்பதுபோல. ஆரம்பிச்சிட்டியா என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பார்சல் ஆபீஸ் முழுக்க ஒரு மந்தம் இறங்கியிருந்த நேரம், வெளியே லாரியில் காலண்டர் கட்டுகளை ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள், டிரிப் ஷீட் வந்தால் டிரைவர் கிளம்பவேண்டியதுதான், அந்த ஷீட் இந்தக் கறுப்புத் திரைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இதற்கு முன்னால் இருந்த சாப்ட்வேரில் மௌஸ் உண்டு, கலர் உண்டு, மூலையில் ஒரு லாரி படம்கூட ஓடும், ஓடுகிற லாரி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று மதுரை ஹெட் ஆபீஸில் யாரோ யோசித்து, பழைய மாதிரிக் கறுப்பு ஜன்னல்தான் வேகம், அதில்தான் கோளாறு கிடையாது என்று முடிவெடுத்து, போன மாதம் எல்லா பிராஞ்சிலும் இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இதற்குப் பெயர் டெர்மினல். கோளாறு கிடையாதாம். முதல் நாள் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை, கீபோர்டு செத்துவிட்டது என்று அதைக் கவிழ்த்துத் தட்டியதில் முறுக்குத் தூள்தான் விழுந்தது, அப்புறம் போன் போட்டுக் கேட்டால் அது அப்படித்தான்க்கா, காட்டாது, ஆனா வாங்கிக்கும் என்றான் ஹெட் ஆபீஸ் பெஞ்சமின். மறுநாள் அழிக்கிற பட்டனைத் தட்டினால் அழிப்பதற்குப் பதிலாகத் தொப்பி மாதிரி ஒரு குறியும் கேள்விக்குறியும் வந்து விழுந்தன, தப்பை அழிக்கப்போய் இன்னும் ரெண்டு தப்பு. அதற்கு அடுத்த வாரம் எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறி, கண்ணை மூடிக்கிட்டு ரீசெட்னு அடிச்சு என்டர் தட்டுங்கக்கா என்று அவன் சொல்ல, தெரியாத எழுத்தில் தெரியாத இடத்தில் அடித்தாள், எல்லாம் பளிச்சென்று துடைத்துக்கொண்டு வந்தது, அன்றைக்கு அவளுக்கு இந்த ஜன்னல்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. ஆனால் இந்த நின்றுபோகிற வியாதிக்கு மட்டும் அவள் யாரிடமும் மருந்து கேட்டதில்லை, மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கி ஜன்னலை மூடித் திரும்பத் திறந்துகொள்வாள். இன்றைக்கு அது முடியாது. காலையிலிருந்து ஏற்றிய லோடு ஷீட் இன்னும் சேமிக்கப்படாமல் உள்ளே இருக்கிறது, அதைச் சேமித்தால்தான் டிரிப் ஷீட் வெளியே வரும்.

போனை எடுத்தாள். பெஞ்சமின் ஹெட் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், எந்த பிராஞ்சில் எது கெட்டாலும் அவன் தலைதான் உருளும், அப்படியும் குரலில் ஒரு சிரிப்பு எப்போதும் பாக்கி இருக்கும். “தம்பி, திரை நின்னுபோச்சு.” “ஷீட்டை சேவ் பண்ணிட்டீங்களாக்கா?” “இல்லியே.” “அப்ப ஜன்னலை மூடிராதீங்க. தேனியில பிரின்டர் தகராறு, லைன்ல நிக்கிறாங்க, அவங்களை முடிச்சிட்டுக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க.” வைத்துவிட்டான். கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது என்றால் எப்படி என்று தங்கபுஷ்பத்துக்கு நிஜமாகவே தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பாதி வாழ்க்கை அவள் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிடிபி அடித்தவள், அங்கே கை நின்றால் பிழைப்பு நின்றது, கண் காகிதத்தில் இருக்கும், விரல் பட்டனில் இருக்கும், மனசு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும், ராகுகாலம் எமகண்டம் சுபமுகூர்த்தம் என்று வருஷம் முழுக்க அடிக்கும்போதே ராத்திரிக்கு என்ன குழம்பு என்பதையும் முடிவுசெய்து, புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்ததை வாங்கவேண்டும் என்பதையும் நினைத்து, பக்கத்து சீட்டுக்காரி சொல்லும் மாமியார் கதைக்கு உம் கொட்டியும் விடலாம், ஒரு எழுத்து தப்பாது. தப்பினதெல்லாம் கரண்ட்டால்தான். அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்ட்டுக்கே தெரியாது. பேட்டரி இருக்கிறதே என்று பேர்தான், அது கூவிக்கொண்டு உடனே படுத்துவிடும். திடீரென்று அறை இருட்டும், ஃபேன் சுற்றிச் சுற்றி ஓயும், சேமிக்காமல் விட்டவள் யாரோ அவள் வாயிலிருந்து மட்டும் ஒரு ஐயோ வரும், யார் குரல் என்று கண்டுபிடிப்பதில் மற்றவர்களுக்கு ஒரு சந்தோஷம். ஃபோர்மேன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சேவ் போட்டாச்சா என்று கத்துவார், போட்டாச்சு என்று எல்லாரும் கத்துவார்கள், போடாதவர்கள்தான் பலமாகக் கத்துவார்கள். அப்படி ஒரு தடவை மார்கழி முழுக்கத் தொலைத்த தங்கபுஷ்பம், பக்கத்துக்கு ஒரு தரம் அமுக்கிக்கொண்டிருந்தவள் வரிக்கு ஒரு தரம் ஆனாள், வரி போய் வார்த்தை ஆனது, கடைசியில் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது, சுண்டுவிரல் கன்ட்ரோல், மோதிரவிரல் எஸ். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக் கிடைத்துக் காற்று முகத்தில் அடித்தால் அந்த ரெண்டு விரலும் தொடைமேல் ஒரு அமுக்கு அமுக்கிக்கொள்ளும். மகள் பிளஸ் டூ மார்க்கைப் போனில் காட்டியபோது போனின் முதுகிலேயே அமுக்கினாள். இந்தப் பழக்கம் தன்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும், அதை வைத்து வீட்டில் கேலியும் உண்டு, இதுதான் கறுப்பு ஜன்னலை நிறுத்துகிறது என்பது மட்டும் தெரியாது. ஆகவே அந்த மத்தியானத்தில் அவள் நின்றுபோன திரையைப் பார்த்தபடி, நிரபராதியாக, விரல்களைப் பட்டன்கள்மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விரல்கள் நமநமவென்றன, செத்துட்டியா என்று அடித்தாள். ஒன்றும் விழவில்லை. என்டர். சரி செத்தே கிட. என்டர். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள், எல்லா பிராஞ்சிலும் அப்படித்தான். காட்டாத திரையில் அடிப்பதில் ஒரு சுகம் இருந்தது, யாரும் பார்க்காத பாத்ரூமில் பாடுவதுபோல, அதில் ஒரு சௌகரியம் என்னவென்றால் பிழை பார்க்க வேண்டியதில்லை, அழிக்கவேண்டியதும் இல்லை, வார்த்தை விரலைத் தாண்டியதும் எங்கேயோ போய்விடுகிறது, எங்கே போகிறது என்று அவள் ஏன் யோசிக்கவேண்டும், செத்த சாமானுக்குள் போகிறது. விருதுநகர் பிராஞ்ச் கார்மேகம் மெசேஜ் எல்லாத்தையும் கொட்டை எழுத்துல அடிக்கிறாரு, காதுக்குள்ள வந்து கத்துறமாரி இருக்கு. என்டர். சௌந்தரபாண்டி அண்ணாச்சி டிபன்பாக்ஸைத் தொறந்தா ஆபீஸ் பூரா நார்த்தங்கா ஊறுகா வாசம், சாயங்காலம் வரைக்கும் போகாது, பில்லு வாங்க வர்றவங்க மூக்கச் சுளிக்கிறாங்க. என்டர். அண்ணாச்சி இந்த பிராஞ்சின் மேனேஜர், இந்நேரம் கண்ணாடி அறைக்குள் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தூங்குவதற்கு அவர் வைத்திருக்கிற பெயர் அது. தங்கமான மனுஷன், ஊறுகாயும் நல்ல ஊறுகாய்தான், ஒரு துண்டு கொடுத்தால் அவளும் வாங்கித்தான் சாப்பிடுகிறாள், நன்றிகெட்ட விரல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வேகத்திலேயே விரல் அடுத்த வரியை அடித்துவிட்டது, அடித்த பிறகுதான் என்ன அடித்தோம் என்று அவளுக்கு உறைத்தது, கோவில்பட்டி சீட்டு எனக்கு வேணும்.

என்டர். திரையில் ஒன்றும் இல்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது, இந்த நாலு நாளில் புருஷனிடம்கூடச் சொல்லாததை இந்தச் செத்த ஜன்னலிடம் சொல்லியாகிவிட்டது. நாலு நாளா ஐந்து நாளா, போன வாரக் கடைசியில் மதுரையிலிருந்து முதலாளியம்மா பேசினார், புருஷன் போன பிறகு இந்த பார்சல் சர்வீஸைத் தூக்கி நிறுத்தி நாலு லாரியை நாற்பதாக்கினவர், பேச்சில் வளவளப்புக் கிடையாது. ஏம்மா தங்கபுஷ்பம், கோவில்பட்டி இன்சார்ஜ் மகளோட சென்னைக்குப் போறாரு, அந்த சீட்டுக்கு நீ போறியா. இவ்வளவுதான் கேட்டது. தங்கபுஷ்பத்தின் வாய் உடனே, விரல் எஸ்ஸை அமுக்குகிற அதே வேகத்தில், ஐயோ எனக்கெதுக்கும்மா அதெல்லாம் என்றது. வேறு எப்படிச் சொல்வது, பந்தியில் பாயச வாளியோடு வந்து நிற்கிறவரிடம் ஆமாம் ஊற்று என்று யாராவது சொல்வார்களா, போதும் போதும் என்று இலைக்கு மேலே கையை விரிக்கவேண்டும், அவர் பரவாயில்லை என்று விரல் இடுக்கு வழியாகவே ஊற்றவேண்டும், ஊற்றிய பிறகு ஐயோ இவ்வளவா என்று சொல்லிவிட்டு ஒரு சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிடவேண்டும், இதுதானே முறை. முதலாளியம்மா சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டார். தங்கபுஷ்பம் ரிசீவரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொரு தடவை கேட்பார் என்று நின்றாள், இன்னொரு தடவை கேட்டிருந்தால் நீங்க சொன்னா சரிம்மா என்று சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது, கேட்கவே இல்லை, வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது. அடுத்த இலை கார்மேகம். அவர் இரண்டு கையையும் குவித்து ஆமாம் ஊற்றுங்கள் என்று சொல்லியிருப்பார், அதுவும் கொட்டை எழுத்தில். இன்று சாயங்காலம் முதலாளியம்மா எல்லா பிராஞ்சுக்கும் மெசேஜில் அறிவிக்கப்போகிறார் என்று அண்ணாச்சி காலையிலேயே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, நீதான் வேண்டாம்னுட்டியே, என்றும் சொன்னார், ஆமா அண்ணாச்சி, இந்த வயசுல அலைச்சல் எதுக்கு என்று இவளும் பதில் சொன்னாள், இந்த வாயை என்ன செய்வது. அலைச்சலாம். சாத்தூர் வழியாக பஸ், காலையில் எதிர்க்காற்று, ஜன்னல் சீட்டு, இறங்கினால் ஒரு ஆபீஸ், அதில் அவள் உட்கார ஒரு மேஜை, மேஜையில் ஒரு மணி. மணி எதற்கு என்று தெரியவில்லை, இருந்தால் நன்றாக இருக்கும். கோவில்பட்டியை அவள் பார்த்திருக்கிறாள், ஒரு தடவை அங்கே ஆள் இல்லாமல் இரண்டு வாரம் போய் வேலை பார்த்தாள், போன அன்றைக்கே தெரிந்துவிட்டது, தூத்துக்குடிக் கட்டுகளையும் திருநெல்வேலிக் கட்டுகளையும் ஒரே மூலையில் குவிக்கிறார்கள், அதுதான் கடலைமிட்டாய்ப் பெட்டி துறைமுகத்துக்கும் தீப்பெட்டிப் பண்டல் திருநெல்வேலி டவுனுக்கும் மாறிப்போகிற ரகசியம், இதற்குப் பெரிய மூளையா வேண்டும், ஒன்றை வாசல் பக்கமும் ஒன்றைச் சுவரோரமும் போட்டால் தீர்ந்தது, ரெண்டு வாரமும் அவள் அப்படித்தான் போடவைத்தாள், ஒரு கட்டு மாறவில்லை, அவள் திரும்பியதும் பழைய மூலைக்கே போய்விட்டது. அதையும் அடித்தாள். வாசல் பக்கம் ஒண்ணு, சுவரோரம் ஒண்ணு, அவ்வளவுதான் விஷயம், என்டர். வேண்டாம்னு சொன்னது வாய், நான் இல்ல, என்டர். முதலாளியம்மா இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், என்டர். கார்மேகத்துக்கு நல்லா வேலை தெரியும், எனக்கு அவரைவிடத் தெரியும், என்டர். இதை அடித்தபோது அவள் காது சூடானது, அக்கம்பக்கம் பார்த்தாள், ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது, கடைசியாக ஒரு தடவை ரெண்டு விரலும் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அமுக்கின. போன் அடித்தது.

“அக்கா, தேனி முடிஞ்சுது. சொல்லுங்க, ஒரே ஒரு கேள்வி, நீங்க முன்னாடி எங்கயாச்சும் டிடிபி பாத்தீங்களா?” “ஆமா, ஏன் தம்பி?” “அப்ப அதான். கன்ட்ரோல் எஸ் அமுக்கியிருப்பீங்க. டிடிபி கை எல்லாருக்கும் இது உண்டு. அங்க அது சேவ். இங்க அதுக்கு நில்லுன்னு அர்த்தம். நில்லுன்னீங்க, நின்னுக்கிட்டு இருக்கு. ஒரு கோளாறும் இல்ல.” இத்தனை வருஷம் எதையும் தொலைக்காமல் காப்பாற்றிய விரல்கள் இத்தனை நாளாக நில் நில் என்று அதட்டிக்கொண்டிருந்திருக்கின்றன, அந்த ஜன்னலும் சொன்ன சொல் தட்டாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது, அதைப் போய்ச் செத்துட்டியா என்று கேட்டோமே என்று அவளுக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. “போன்னு சொல்லணும்னா?” “கன்ட்ரோல் க்யூ. அமுக்குனீங்கன்னா விட்ட இடத்துலருந்து ஓடும்.” சுண்டுவிரல் கன்ட்ரோலுக்குப் போய்விட்டது. போன இடத்தில் நின்றது. “தம்பி, அது நின்னுக்கிட்டு இருந்தப்ப எதையாச்சும் அடிச்சிருந்தா, அது என்ன ஆகும்?” “கவலையே படாதீங்கக்கா,” என்றான் பெஞ்சமின், குரலில் அவ்வளவு உற்சாகம், “ஒரு எழுத்து வீணாகாது. எல்லாம் வரிசையில நிக்கும். க்யூ அமுக்குனதும் ஒண்ணொண்ணா போயிரும்.” “போயிரும்னா எங்க?” “எங்க அடிச்சீங்களோ அங்கதான். மெசேஜ் லைன்ல இருந்தீங்கன்னா எல்லா பிராஞ்சுக்கும்.”

தங்கபுஷ்பம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். எல்லா பிராஞ்சுக்கும். தேனி, திண்டுக்கல், ராஜபாளையம், விருதுநகர், ஹெட் ஆபீஸ், கண்ணாடி அறை. ஊறுகாய் வரி, கொட்டை எழுத்து வரி, முதலாளியம்மா இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், ஐயையோ அதுவுமா, அதைத்தானே கடைசிக்கு முந்தி அடித்தோம், இல்லை அதற்குப் பிறகு எனக்கு அவரைவிடத் தெரியும் வேறு. அவை எல்லாம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக, டோக்கன் வாங்கியதுபோல, என்டரோடு என்டர் தோளோடு தோள் நின்றுகொண்டிருக்கின்றன, செத்த சாமானுக்குள் போட்டதாக நினைத்தது ஒன்றுகூடச் சாகவில்லை. “அக்கா, இருக்கீங்களா?” “இருக்கேன். ஜன்னலை மூடிட்டா?” “ஷீட்டும் போயிரும், காலையிலருந்து ஏத்துனது. திரும்ப ஏத்தணும், லாரி நிக்கும்.” இதைக் கேட்டதும் தங்கபுஷ்பத்துக்கு உள்ளே ஏதோ லேசானது, அது என்ன என்று அவள் எட்டிப் பார்த்தாள், பார்த்தால் அது நிம்மதி. லாரி நிற்கக்கூடாது. லாரிக்காக அமுக்கித்தான் ஆகவேண்டும். நான் என்ன செய்ய, லோடு ஷீட்டைக் காப்பாற்றப் போனேன், தன்னாலே போய்விட்டது, என்று சொல்லிக்கொள்ளலாம், பாயசத்தை அவர்களே ஊற்றிவிட்டார்கள். அவள் கிட்டத்தட்ட அமுக்கிவிட்டாள். அப்போதுதான் அந்தப் பாவி பெஞ்சமின், நல்லது செய்கிற நினைப்பில், “ஆனா ஒரு வழி இருக்குக்கா” என்றான். “கன்ட்ரோல் சி அமுக்குங்க. வரிசையில நிக்கிறதை மட்டும் துடைச்சிரும். ஷீட்டு அப்படியே இருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இவ்வளவு சுத்தமான வழி ஒன்றை இவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். லாரியும் போகும், ஷீட்டும் இருக்கும், ஊறுகாயும் வெளியே வராது, அண்ணாச்சி கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், சாயங்காலம் முதலாளியம்மா மெசேஜ் வரும், கார்மேகம் நன்றி நன்றி என்று கொட்டை எழுத்தில் கத்துவார், எல்லா பிராஞ்சும் வாழ்த்துகள் அனுப்பும், சிவகாசியும் அனுப்பவேண்டும், இவள்தான் அடிக்கவேண்டும், வாழ்த்துகள் சார் என்று அடித்துவிட்டு, விரல் தன்பாட்டுக்கு அதையும் சேமித்து வைக்கும். அந்த ஒரு வார்த்தையை அடிக்கிற தன் விரல்களை அவள் முன்கூட்டியே பார்த்துவிட்டாள், அவற்றின்மேல் கோபம்கூட வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. துடைத்துவிடு என்றது வாய்ப்பக்கம் இருந்த புத்தி. பெரிய பிராஞ்சுக்காரர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள், ஆசைக்காரி என்பார்கள், ஒருதரம் வேண்டாமென்று ஒருதரம் வேண்டுமென்கிறாளே என்பார்கள், அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிப்பது, அவர் மனைவி போட்ட ஊறுகாய் அது, தீபாவளிக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பிய மகராசி. “தம்பி, அதுல ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்க முடியுமா?” “முடியாதுக்கா. போனா மொத்தமா போகும். அழிஞ்சா மொத்தமா அழியும்.” அவனுக்குச் சிரிப்பு முட்டுவது தெரிந்தது. “அப்படி என்னத்தக்கா அடிச்சீங்க?” மொத்தமாகப் போகும், மொத்தமாக அழியும். ஊறுகாயோடுதான் கோவில்பட்டி. அவள் மறுபடி ஒருமுறை மேஜையை நினைத்துப் பார்த்தாள், இந்தத் தடவை மணி இல்லை, மேஜையும் இல்லை, இரண்டு மூலைகள்தான் தெரிந்தன, வாசல் பக்கம் ஒன்று சுவரோரம் ஒன்று, கட்டுகள் தத்தம் இடத்தில், லோடுமேன் ஒருத்தன் அக்கா இது எங்கே என்று கேட்க இவள் கையை நீட்டுகிறாள், அவ்வளவுதான், அதில் பெருமையடிக்க ஒன்றுமில்லை, அந்தக் கையை நீட்ட அவளுக்குக் கொள்ளை ஆசையாக இருந்தது. ஆசையாக இருக்கிறது என்று அவள் மனசுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாள், கூரை இடிந்து விழவில்லை. யாரும் இன்னொரு தடவை கேட்கப்போவதில்லை. லாரி சாக்கும் இல்லை, பெஞ்சமின் அதையும் பிடுங்கிக்கொண்டான். இனி அமுக்கினால் அமுக்கியது அவள்தான். சியும் க்யூவும் இரண்டும் இடதுகைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன, கை வழக்கம்போலத் தானாகவே ஏதாவது ஒன்றை அமுக்கிவிடும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள், எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிற கை இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டி, டிடிபி கற்றுக்கொண்ட முதல் நாள் மாதிரி, ஒரு கையால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் க்யூவைத் தேடி, பார்த்து, அமுக்கினாள்.

சிவகாசி லோடு ரெடி. அதுதான் முதலில் போனது, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல. அதன் பின்னால் செத்துட்டியா. சரி செத்தே கிட. பிறகு வரிசை பிடித்துக்கொண்டு வரிகள் மளமளவென்று ஏறின, ஒவ்வொரு வரிக்கும் கண்ணாடி அறைக்குள் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் டிங் என்றது, டிங், டிங், மூன்றாவதிலேயே நாற்காலி நிமிரும் சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, தன் எழுத்து தன் கண்முன்னாலே போவதைப் பார்ப்பது இவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, பயமும் இருந்தது, பயத்துக்கு அடியில் ஏதோ குதித்துக்கொண்டும் இருந்தது. இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. மூலை விஷயம் சரியாகவே வந்திருக்கிறது. கடைசி வரி ஏறி நின்றதும் திரை மறுபடி அசையாமல் ஆனது, இந்தத் தடவை அது நிற்கவில்லை, காத்திருந்தது. காதில் பெஞ்சமின் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது, ஊறுகாய் இடத்தில் அடக்கிய சிரிப்பின் ஒரு சின்னக் கொர். அவள் ஷீட்டைச் சேமிக்கிற பட்டனை அமுக்கினாள், பிரின்டர் உறுமி டிரிப் ஷீட்டைத் துப்பியது, கவுன்ட்டர் ஜன்னல் வழியாக டிரைவரிடம் நீட்டினாள், அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார், உலகத்தில் ஒன்றும் நடக்காததுபோல லாரி நகர்ந்தது. கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணாச்சி வெளியே வந்தார், மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது, அவள் எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றாள். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி, ஊறுகா நல்ல ஊறுகாதான்,” என்றாள். “அது கிடக்கட்டும்,” என்றார் அவர். “ஏம்மா, போக ஆசைன்னா காலையில நான் சொன்னப்பவே வாயத் தொறந்திருக்கலாம்ல?” அவள் திறந்தாள், அதற்குள் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து. முதலாளியம்மா எப்போதும்போலச் சுருக்கமாகத்தான் கேட்டிருந்தார். சிவகாசி, இது என்ன, சிஸ்டம் கோளாறா, இல்ல நெசமா.

அண்ணாச்சி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கோளாறுன்னே போட்டுவிடு புஷ்பம், எதுக்கு வம்பு, ஒருவாட்டி யோசிச்சுக்கோ,” என்றார், நல்ல மனசோடுதான். போனிலும் பெஞ்சமின் கேட்டுவிட்டான் போலிருக்கிறது. “ஆமாக்கா, வேணும்னா சொல்லுங்க, டெர்மினல் கோளாறுன்னு நானே ஹெட் ஆபீஸ்ல சொல்லிர்றேன், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, எல்லா பிராஞ்சுலயும் தினமும் ஒண்ணு வருதுல்ல.” இருபக்கமும் இரண்டு ஆண்கள் இலைக்குமேல் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், போதும் போதும் என்று அவளுக்குப் பதிலாக அவர்களே சொல்லத் தயாராக. தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் திரையில் விழுந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்தை அடித்தாள்.

சிஸ்டம் நல்லா இருக்கும்மா. எழுதினது நான்தான்.

என்டரைத் தட்டினாள்.